பித்தளை மூடி

சதுரங்கப்பட்டினக் கரையில் வெயில் ஏறிவிட்டது. பெரும்பாலான படகுகள் போய்விட்டன. கிழவர் சின்னராசுவின் படகு டீசல் எஞ்சின் மட்டும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோகிறது. "இவன்தான் டேங்க்ல கடல் தண்ணிய ஊத்திக்கீறான். பஞ்சாயத்துல சொல்லி இவன் படக எறக்கவுடாம பண்றேன் பாரு" என்று பக்கத்துப் படகுக்காரன் பெஞ்சமினைக் காட்டிக் கத்துகிறார் கிழவர். பெஞ்சமின் துடுப்பைப் பிடித்தபடி முறைக்கிறான். மெக்கானிக் தாவூத் டேங்கிலிருந்து பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டுகிறான். மேலே தேன் நிறத்தில் டீசல். அடியில் நாலு விரல் தண்ணீர். "பாத்தியா!" கிழவரின் குரல் கீச்சிடுகிறது. தாவூத் டீசலை வடித்துவிட்டு, அடித்தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்புகிறான். "உப்பே இல்ல அண்ணாத்த. நேத்து பேஞ்ச மழை." டேங்கின் வாயில் அடைத்திருந்த ஈரத்துணியைத் தூக்கிக் காட்டுகிறான். "மூடி எங்க?" கிழவரின் கை இடுப்பு மடிக்குப் போகிறது. எவனாவது களவாடிவிடுவான் என்று பித்தளை மூடியைத் தினமும் கழற்றிப்போய்த் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர் அவர். பெஞ்சமின் துடுப்பை மணலில் குத்திவிட்டு உள்ளங்கையை நீட்டுகிறான். "குடு, நான் மூடி வுடறேன்." கிழவர் மடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். "உன் கைலயா? போடா."