அட்டையில் எழுதியது

"முனியம்மாக்கா, கால ஆட்டாத நில்லுங்க. அந்தம்மா குனிஞ்சு பாக்குறாங்க."

சொன்னது கிரேஸி. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் ஆபீசில் வேலை. போனைப் பார்த்தே ஆறு மாதம் ஸ்பானிஷ் படித்தவள். ஸ்பெயினிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்திருந்த மார்த்தா அம்மாளுக்கு இங்கிலீஷ் வராது. அவர் சொல்வதை இவள் இங்கிலீஷில் சொல்ல, மேனேஜர் ரஃபி அகமது சாம்பிளில் கட்டும் அட்டையில் எழுதிக்கொள்வார்.

முனியம்மாவுக்கு அச்சடித்தாற்போல் முப்பத்தேழு சைஸ் கால். எந்த லேடீஸ் சாம்பிளையும் முதலில் போட்டு நிற்பவள் அவள்தான். தன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுக் கறுப்பு ஷூவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஆர்டர் வராவிட்டால் அடுத்த மாதம் சாம்பிள் ரூமுக்குப் பூட்டு.

"கே எலெகாந்தே!" என்றார் மார்த்தா.

"ஹவ் எலிகன்ட்!" என்றாள் கிரேஸி. ரஃபியின் பேனா ஓடியது.

"சிம்ப்ளே, பெரோ ஃபுவெர்தே."

"சிம்பிள், பட் ஸ்ட்ராங்."

"இன்னாடி சொல்றாங்க?" முனியம்மா கிசுகிசுத்தாள்.

"அப்புறம் சொல்றேன்க்கா. ஆடாதீங்க."

"மூய் அலெக்ரே!"

"வெரி சியர்ஃபுல்."

ரஃபி நிமிர்ந்தார். "கறுப்பு ஷூல இன்னாமா சியர்ஃபுல்லு?"

"அவங்க சொல்றதத்தான சார் நான் சொல்ல முடியும்? வேணும்னா கம்மி பண்ணி எழுதிக்குங்க."

"கம்மி எதுக்கு? ஜாஸ்தியாவே இருக்கட்டும்!" சிரித்துக்கொண்டே அட்டையை ஷூவில் கட்டினார்.

மார்த்தா அந்த முடிச்சை அவிழ்த்தார். குனிந்து, ஓரமாகக் கிடந்த முனியம்மாவின் பழைய செருப்பை எடுத்தார். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, வெட்டியதுபோக மிஞ்சிய தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த செருப்பு. அட்டையை அதில் கட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், அவங்க இவ்ளோ நேரம் சொன்னது இதத்தானாம்! இதுதான் வேணுமாம்!" கிரேஸி கத்தியேவிட்டாள். "அக்கா, யார் செஞ்சதுன்னு கேக்குறாங்க."

"எங்க வூட்டுக்காரரு."

கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டிக்கொண்டிருந்த பாண்டியன் இறந்து ஒரு வருடம் ஆகிறது.

முனியம்மா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செஞ்சு குடுத்த அன்னிக்கு, இன்னாய்யா இது, கோமாளி செருப்புன்னு கிண்டல் பண்ணேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல. அந்தம்மா சொன்னதெல்லாம் தமிழ்ல சொல்லு கிரேஸி, மெதுவா. வூட்டுக்குப் போயி அவர் போட்டோகிட்ட சொல்லணும்."