செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

எல்லைப் போராட்டக் கூட்டங்கள் எல்லாம் மாலையில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தன என்றொரு நம்பிக்கை நிலவுகிறது. வரலாற்றின் நலன் கருதி அதைத் திருத்தியாக வேண்டும். ஐம்பத்துநாலில், மலையாள எல்லையில் செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் அவை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தன.

கிழமையைக் குறித்தவர் தலைவர் தாணுலிங்கம் பிள்ளை. செவ்வாயன்று நகம்கூட வெட்டாத சைவர்.

ஆண்கள் அத்தனை பேரும் சந்திக்கு வந்தாக வேண்டும். வராதவன் தமிழ்த் துரோகி.

முதல் தீர்மானமே கடுமையானது. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சர்க்கார் நர்ஸ் சத்யபாமா மலையாளி. ஆகவே தமிழர் வீட்டு நடை ஏறக் கூடாது.

"அவ கையில பொறக்குற பிள்ளை முதல்ல என்ன சொல்லும்? 'அம்மே'ன்னாக்கும் சொல்லும்!" என்று தகரக் குழாயில் முழங்கினார் தலைவர்.

"முதல்ல அழத்தானே செய்யும் அண்ணாச்சி? அது எந்த பாஷை?" என்றார் சாயாக்கடை எலியா.

"எலே, நீ சாயாவ ஆத்து!" என்றார் செயலாளர் பொன்னம்பலம்.

தீர்மானத்தை முழுசாக நம்பிய ஒரே ஆள் பொன்னம்பலம்தான். போன வருஷம் அவர் மனைவி உமையம்மாளுக்குக் கால் வீங்கி, ஜன்னி கண்டு, பிள்ளை தக்கவில்லை. மறுபடி உண்டானதும், "அந்த நர்ஸக் கூப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"செயலாளர் வீட்டுலயே கொடிய இறக்கணுமா?"

அப்புறம் அவள் கேட்கவில்லை. இப்போது எட்டாம் மாதம். கால் வீங்கவில்லை. தமிழ்த்தாயின் அருள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாயன்று தலைவர் சேர மன்னர்களில் ஆரம்பித்து அவர்களிலேயே நின்றுகொண்டிருந்தபோது, கொடியை வீட்டில் மறந்துவிட்டது பொன்னம்பலத்துக்கு நினைவு வந்தது. குறுக்கே வரப்பு வழியாக நடந்தார்.

தலைவர் வீட்டுப் பின்வாசல் திறந்தது. பையும் குடையுமாக வெளியே வந்தாள் சத்யபாமா. அவளுக்குப் பின்னால் நிறைவயிற்றோடு தலைவரின் மருமகள் சண்முகவடிவு. கையில் சர்க்கார் பால்பொடி டப்பா.

"நில்லு! தலைவர் வீட்டுலயேவா? இது அவருக்குத் தெரியுமா?"

சத்யபாமா நிதானமாகக் குடையை விரித்தாள்.

"தெரியாமலா சாரே? செவ்வாய் பத்து மணிக்கு வரச் சொன்னதே அவராக்கும். 'ஆம்பளைய எல்லாரையும் நான் சந்தியில பிடிச்சு வைக்கேன், நீ பாத்துட்டு ஓடிரு'ன்னார்."

"இந்த வேஷத்த இன்னைக்கே மேடையில கிழிக்கேன்!"

"கிழிங்க. ஒரு அரை மணிக்கூர் கழிச்சுக் கிழிங்க. எனக்கு இன்னும் ஒரு வீடு பாக்கி உண்டு."

"எந்த வீடு?"

"உங்க வீடு."

பொன்னம்பலம் திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"மூணாம் மாசம் முதல் போறேன். உப்பக் குறைச்சு, படுக்க வச்சு, எப்படியோ இதுவரை கொண்டு வந்தாச்சு. இனிமேலாக்கும் பயம். ஒரு வாரம் விட்டாலும் போன தடவை மாதிரி ஆயிரும். நீங்க மேடையில ஏறினா, நாளை முதல் எந்த வீட்டுலயும் நான் ஏற முடியாது. சொல்லுங்க சாரே, போகவா, வேண்டாமா?"

அப்போது சந்தியிலிருந்து தகரக் குழாய் பேசியது: "இறுதியாக ஒன்று சொல்லி என் உரையை..."

பொன்னம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தியைப் பார்த்து ஓடினார்.

அன்று முதல் தலைவருக்குப் பிறகு செயலாளரும் ஒரு மணி நேரம் பேசினார். எலியா செவ்வாய்க்கிழமைகளில் கூடுதலாகப் பால் வாங்க ஆரம்பித்தார்.