நாலாவது பிளக்

திரைக்குள்ளிருந்து முனகல் வந்துகொண்டே இருந்தது. பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் நயீம் அகமது சாயபுவின் மோட்டார் இரண்டு முறை குலுங்கி, நடுச்சாலையில் நின்றுவிட்டது.

டிரைவர் கன்னியப்பன் இறங்கி பானெட்டைத் திறந்தான். பின்சீட்டுப் பக்கம் அவன் திரும்பவில்லை. திரை போட்டிருந்தால் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்பது அவனுக்கு எட்டு வருஷப் பழக்கம்.

சாயபுவும் முன்சீட்டிலிருந்து இறங்கி வந்தார். ஆம்பூரிலேயே இரண்டு மோட்டார்கள்தான் இருந்த காலம் அது. இரண்டு நாள் பிரசவ வலிக்குப் பிறகு மருத்துவச்சி கைவிரித்துவிட, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார்கள்.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"பிளக்குங்க."

இன்ஜினில் பொறி தட்டுகிற நாலு பிளக்கையும் கழற்றிச் சாலையோரம் ஒரு துணியில் வரிசையாக வைத்தான். இரண்டின் முனை காய்ந்து பழுப்பாக இருந்தது, அவை நல்லவை. மற்ற இரண்டிலும் எண்ணெய் ஏறிக் கரி அப்பியிருந்தது. கொதிக்கிற இரும்பு விரல்களில் ஒட்டித் தோலை உரித்துக்கொண்டு வந்ததை அவன் கவனித்தான். வலிக்கவில்லை.

தகரப் பெட்டியில் மூன்று பிளக்குகள் மிச்சம் இருந்தன. ஒன்றின் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. இன்னொன்று புத்தம் புதியது. ஆனால் அதன் திருகுப் புரி கொஞ்சம் நீளம்; மாட்டினால் உள்ளே பிஸ்டனில் இடித்துவிடும். மூன்றாவதுதான் பொருந்தும். ஆக, இன்னும் ஒன்று குறைந்தது.

தோல் ஏற்றிக்கொண்டு எதிரே வந்த மாட்டு வண்டி நின்றது. முனகலைக் கேட்ட வண்டிக்காரன், சுமையை இங்கேயே இறக்கிவிட்டு அந்த அம்மாவை வேலூருக்குத் தானே கொண்டுபோவதாகச் சொன்னான்.

சாயபு டிரைவரைப் பார்த்தார். "நீ சொல்லு கன்னியப்பா. வண்டில ஏத்திடலாமா?"

மாடு போய்ச் சேர இருட்டிவிடும். அதுவரை அந்தக் குலுக்கலை உடம்பு தாங்க வேண்டும்.

"வேணாங்க. கால் மணி நேரம் குடுங்க."

வண்டிக்காரன் போய்விட்டான். உள்ளே துணைக்கு இருந்த சாயபு வீட்டுப் பெண்மணி தண்ணீர் கேட்டார். சாயபு தானே சொம்பை எடுத்துக்கொண்டு வயல் கிணற்றுக்கு நடந்தார்.

கன்னியப்பன் கரி பிடித்த ஒன்றை எடுத்து பெட்ரோலில் ஊறவைத்தான். கத்தி முனையால் சுரண்டினான், துடைத்தான், மறுபடி சுரண்டினான். இரண்டு முனைகளுக்கும் இடையே நகத்தின் கனத்துக்கு இடைவெளி இருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தான்.

அப்போது முனகல் நின்றுபோனது.

அவன் கை ஒரு கணம் நின்றது. திரை ஓரத்திலிருந்து, சீக்கிரம் ஆகட்டும் என்று அந்தப் பெண்மணியின் குரல் கேட்டது. அவன் வேகம் கூடவில்லை. அவசரப்பட்டால் புரி சிதையும். சிதைந்தால் அதோடு சரி. நாலாவது பிளக்கையும் விரலாலேயே மெதுவாகத் திருகி, பிறகுதான் ஸ்பானரைப் போட்டான்.

மோட்டாரின் முன்னால் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். மூன்றாம் சுற்றில் இன்ஜின் நாலு உருளையிலும் ஓடியது. வழியில் விரிஞ்சிபுரம் வந்தது, போனது. பாலாற்றில் மணல்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி ஆட்கள் ஸ்டிரெச்சரோடு ஓடிவந்து தூக்கிப்போனார்கள். துணைக்கு வந்த பெண்மணியும் பின்னாலேயே போனார். கன்னியப்பன் மோட்டாரை வேப்ப மரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த சாயபுவின் எதிரில் நின்றாள்.

"உங்க சம்சாரம் பொழச்சிக்கிட்டாங்க ஐயா. மயக்கம் தெளிஞ்சிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா அவங்களும் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கொழந்ததான் தங்கல. ஆம்பளப் புள்ள."

சாயபு எழுந்தார். வேப்ப மரத்தடியைக் காட்டினார்.

"என் சம்சாரம் இல்லம்மா, அவனோட சம்சாரம்."