கயிறு கட்டிய கை

கம்போடியாவின் கார்டமம் மலைக்காட்டுச் சொகுசுக் கூடாரத்துக்கு வந்த முதல் நாளே ஓடையில் வழுக்கி விழுந்த சிறுமி மாலிஸ், அதன்பின் இரண்டு நாளாகச் சாப்பிடவுமில்லை, பேசவுமில்லை.

"பயத்துல பாப்பாவோட உசுரு காட்டுலயே தங்கிருச்சும்மா. ஓடைக்குப் போய்க் கூப்பிட்டுட்டு வாங்க. வந்ததும் அது மறுபடி போயிடாம கையில கயிறு கட்டிடலாம்," என்றாள் கூடாரத்தைச் சுத்தம் செய்ய வந்த சாவென்.

புனோம் பென்னில் வங்கி அதிகாரியான மாலிஸின் அம்மா போபா, யாரும் பார்க்கிறார்களா என்று கூச்சப்பட்டுக்கொண்டே, குடையோடு ஓடைக்கரையில் நின்று "மகளே, வந்துடு" என்று மூன்று முறை கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது மாலிஸ் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். சாவென் சிரித்தபடி மாலிஸின் மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றை இறுக முடிந்தாள்.

"பேரச் சொல்லித்தானேம்மா கூப்பிட்டீங்க?"

"பேரா? மகளேன்னு கூப்பிட்டேன்."

சாவெனின் சிரிப்பு நின்றது. "பேர் சொல்லாமக் கூப்பிட்டா காட்டுல இருக்கற எது வேணா வந்துடுமேம்மா." மழையில் நனைந்த கூடாரத் துணியை வெளியிலிருந்து ஒரு சின்னக் கை தட்டியது.

"அம்மா, மாலிஸ் வந்துட்டேன். திற."

போபா அந்தக் கயிற்றைப் பார்த்தாள்.

"கட்டுனத அவுக்க முடியாதும்மா," என்றாள் சாவென்.

கட்டிலில் இருந்தவள் ஒரு வாய்க் கஞ்சியை விழுங்கினாள்.

"திறக்காதம்மா," என்றாள்.