ஒன்பதாவது மர நாரை

ஆற்றோரச் சதுப்பில் மர நாரைகள் மொத்தம் எட்டு. துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்பி நிஜ நாரைகள் வந்து இறங்கட்டும் என்பதற்காகக் காப்பகம் நிறுத்தி வைத்தவை. மழைக்காலத்துக்கு முன்னால் அவற்றுக்கு வர்ணம் பூசுவது சாயோவின் வேலை. இந்த வருடம் ஒன்பது நின்றன.

"ஆபீஸ்ல புதுசா ஒண்ணு அனுப்பினாங்களா, குராத்தா?"

"எங்கே அனுப்புறாங்க! நான் கேட்ட பூட்ஸே மூணு வருஷமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு," என்றான் படகோட்டி குராத்தா. "தப்பா எண்ணியிருப்பீங்க அக்கா. தூங்கி எத்தனை நாளாச்சு?"

சாயோவுக்கு வாதாடத் தெம்பில்லை. காணாமல் போன பெண் நாரையைத் தேடி இரண்டு வாரமாக நாணல் காட்டில் அலைந்திருந்தாள். ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை.

ஒன்பதாவதைக் கரையில் சாய்த்துக் காலில் இருந்த சேற்றைத் துடைத்தாள். மரக்காலில் மஞ்சள் வளையம், எண் 47. அந்தப் பெண் நாரை குஞ்சாக இருந்தபோது அவளே மாட்டிவிட்டது. வெட்டாமல் கழற்ற முடியாது. வெட்டிய தடம் எங்கும் இல்லை.

குராத்தா குனிந்து பார்த்தான். தின்னக் கையில் எடுத்திருந்த சோற்றுருண்டையை மறுபடி பொட்டலத்திலேயே வைத்துவிட்டான்.

சாயோ உடம்புக்கு வெள்ளையும் இறக்கை நுனிக்குக் கறுப்பும் பூசி, காய்ந்ததும் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். சாயங்காலம் அதன் பக்கத்தில் ஆண் நாரை வந்து இறங்கியது. தலையை முதுகுவரை சாய்த்து அலகைப் படபடவென்று தட்டியது. ஜோடியைக் கண்டால்தான் அப்படித் தட்டும்.

மறுநாள் காலையில் பத்து நின்றன. பத்தாவதன் தலை மட்டும் முதுகுவரை சாய்ந்திருந்தது.