மூன்றாவது படி

என் கையாலேயே சால்டர் வைத்துச் செய்த முதல் சிந்தசைசர் மாட்யூல் அது; மின்சாரத்தில் இசையெழுப்பும் சின்னப் பெட்டி. அதற்கு ஒரே வேலைதான். குமிழைத் திருகினால் "ஊ..." என்று ஒரு சுருதி எழுப்பும். சூட்டைச் சமாளிக்கும் சின்னப் பாகம் ஒன்றை வாங்க மறந்துவிட்டேன். அதனால் யாராவது அருகில் குனிந்தால், மூச்சுச் சூட்டுக்கே சுருதி ஒரு படி ஏறிவிடும்.

"ஆளப் பாத்தா குரல் ஏறுது. அப்படியே உங்களத்தான் உரிச்சு வெச்சிருக்கு" என்றாள் மனைவி.

ஞாயிறு மதியங்களில் அதுவே எங்கள் பொழுதுபோக்கானது. நான் குனிவேன், ஒரு படி ஏறும். அவள் என் தோளில் கைவைத்துக் குனிவாள், இன்னொரு படி ஏறும். இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கையில் மூன்றாவதாகவும் ஒரு படி ஏறும். நாங்கள் விலகிப் போன பிறகும் அந்த ஒரு படி மட்டும் வெகுநேரம் இறங்காது.

ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் ஏறியது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

விட்டுப்போன பாகம் நேற்றுத் தபாலில் வந்தது. இன்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன்.

"இப்ப எதுக்கு அது?"

"இதப் போட்டுட்டா யார் வந்தாலும் சுருதி மாறாது."

"அப்புறம் வந்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

அயர்னை அணைத்தேன். பாகத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு, குமிழைத் திருகிக் குனிந்தேன். ஒரு படி ஏறியது. அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குனிந்தாள். இன்னொரு படி ஏறியது.

பிறகு அவள் தன் நாற்காலியைச் சற்றே நகர்த்தி, எங்கள் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.