நேரா ஒரு விமானம்

பெற்ற பிள்ளை இருக்கிற ஊரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுகிற மனிதரை என்னவென்று சொல்வது? ஆபீஸில் 'கத்திரி' என்று சொன்னார்கள்.

விமானக் கம்பெனியின் வழித்தடப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. வெளிநாட்டில் புதிதாக எந்தெந்த ஊருக்குப் பறக்கலாம் என்று வருஷா வருஷம் பட்டியல் தயாராகும். அவருடைய மகன் குடும்பத்தோடு இருக்கிற ஊரும் அதில் இருக்கும். அவர் மேஜைக்குப் போய்த் திரும்பும்போது அது மட்டும் இருக்காது.

"அங்க விட்டா பாதி சீட்டு காத்து வாங்கும்," என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அவருக்குக் கீழே உதவி மேலாளராக இருந்தவளுக்கு இது பொறுக்கவில்லை. கம்பெனி ஆண்டு விழாவில் கத்திரியின் மனைவி புலம்பியதை அவள் கேட்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் வழி போடுறார்மா, பெத்த புள்ள ஊருக்குப் போட மாட்டேங்கறார். நடுவுல ரெண்டு இடத்துல இறங்கி மாறணும். இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க ஓடுறது? நேரா ஒரு விமானம் இருந்தா நாளைக்கே போய்ப் பேரனைப் பார்த்துடுவேன்!"

சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் கத்திரி ஐஸ்கிரீமைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காது கேட்ட மாதிரியே தெரியவில்லை.

'கல்நெஞ்சக்காரர்' என்று உதவி மேலாளர் அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

இந்த வருஷம் அவள் விடுவதாக இல்லை. அந்த ஊருக்கு யார் போகிறார்கள், எதில் போகிறார்கள், எங்கே மாறுகிறார்கள் என்று உட்கார்ந்து தோண்டினாள். வீட்டுக்குப் போக நேரமாகும். நல்லவேளை, மகன் குட்டியைப் பார்த்துக்கொள்ள அம்மா இருந்தாள். பிரசவத்துக்குக் கூடமாட இருக்கலாம் என்று வந்தவள். குட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

"ஏன்டி, ஊருக்கு ஒரு நடை போய் அக்காவைப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"அங்க நேரா பஸ் கூட இல்லையேம்மா. மாறி மாறி நீ தனியா எப்படிப் போவே? அப்புறம் பார்க்கலாம். குட்டிக்குச் சாப்பாடு குடுத்துடு."

"சரி," என்றாள் அம்மா.

கூட்டத்தன்று கத்திரி வழக்கம்போல ஆரம்பித்தார். "அந்த ஊருக்கு விட்டா பாதி சீட்டு…"

"காத்து வாங்காது சார்!" உதவி மேலாளர் எழுந்தாள். "நம்ம ஆளுங்க அத்தனை பேரும் அடுத்தவன் விமானத்துல மாறி மாறிப் போய்ட்டிருக்காங்க. நேரா விட்டா எல்லாரும் நம்மகிட்டதான் வருவாங்க. கீழே சரக்கும் ஏத்தலாம்."

நிர்வாக இயக்குநர் திரையைப் பார்த்தார். "இதை ஏன் இத்தனை வருஷமா விட்டு வச்சோம்?" என்று கத்திரியைப் பார்த்தார். கத்திரி கூரையைப் பார்த்தார்.

ஊர் பட்டியலில் ஏறிவிட்டது. வெளியே வந்ததும் கத்திரி, "இன்னிக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?" என்று முனகினார். தோற்ற கடுப்பில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

செய்தி வெளியான அன்று சாயங்காலம் பெரிய கேக்கோடு அவர் வீட்டுக்கே போய்விட்டாள். கதவைத் திறந்த மனைவியின் கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"நாடக வசனம்மா. எங்க குழுவுல அடுத்த மாசம் போடுறோம். நான்தான் ராணி," என்றாள் வெட்கத்தோடு. பிறகு கேக்கைப் பார்த்தாள். "ஓ, அந்தப் புண்ணியவதி நீதானா?"

"நீங்கதானே ஆன்ட்டி அன்னிக்கு அழுதீங்க?"

"அழுதேன். பேரன்மேல ஆசையில்லாமலா? ஆனா போன தடவை போனப்போ எட்டு மாசம் அடுப்படியை விட்டு வெளிய வரலை. அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. புள்ள 'வாம்மா'ன்னா, முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. விமானம் இல்லடான்னு சொல்லத்தான் வரும்."

"அதுக்காகத்தான் சார் இத்தனை வருஷம்…"

"கம்பெனிக்கு நான் பண்ணது தப்புதாம்மா," என்றார் உள்ளேயிருந்து வந்த கத்திரி. "நீ செஞ்சதுதான் சரி. என்ன, ராணி வேஷத்துக்குத்தான் இனி ஆள் தேடணும்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மகன்தான். குரல் வாசல் வரை கேட்டது.

"அம்மா! நேரா விமானமாமே! அப்ப புள்ளயைப் பார்த்துக்கற ஆயாவை வேலையை விட்டு நிறுத்திடட்டுமா?"

ராணி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"சரிப்பா," என்றாள்.

இந்தச் 'சரி'யை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று உதவி மேலாளருக்கு நெஞ்சில் முள் தைத்தது. எங்கே என்று தெரிந்ததும் அங்கே நிற்க முடியவில்லை. சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அம்மா, குட்டியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் லீவு போட்டுக் குட்டியைப் பார்த்துக்கறேன். நீ நாளைக்கே கிளம்பி ஊருக்குப் போய், பெரியம்மாகூட ஆசைதீர இருந்துட்டு வா."

அம்மாவின் கை நின்றது. நம்பாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டி, நேரா பஸ் விட்டுட்டாங்களா?"